வங்காளிக் குழந்தைகளின் ஞாபகசக்தியை அளக்கப் புறப்படுவோர்க்கு



உளநூலும் குழந்தைக் கல்வியும் பயின்று, அப்பயிற்சியின் ஓர் அங்கமாகக் கல்கத்தாவுக்கும் அதைச் சூழ்ந்த ஜில்லாக்களுக்கும் சென்று, மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள வங்காளிக் குழந்தைகளின் ஞாபகசக்தி எவ்வாறு வளர்ந்து வருகிறதென்று பரீட்சித்து அறியும் பொருட்டு உங்களில் சிலர் நம் ஊர்களிலிருந்து ரயிலேறுகிறீர்கள் என்பதை அறிவேன். சென்ற மாதம் அவ்வாறு புறப்படவிருந்த இருவர் என்னைக் காண வந்து, தங்கள் வினாத்தாள்களை என் மேஜைமேல் பரப்பி, இங்கிலீஷில் இருந்தவற்றையெல்லாம் வங்காளியில் மொழிபெயர்த்தாகிவிட்டது, இனி அச்சுக்குக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அவர்களுடைய சிரத்தையைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் அவர்கள் விடைபெற்றுச் சென்றபின், கொடுத்துப்போன பிரதியை நிதானமாகப் படித்துப் பார்த்தபொழுது, பல ஆண்டுகளுக்கு முன் நானே செய்த ஒரு பிழை அதில் வரிக்கு வரி மறுபடியும் காத்திருப்பதைக் கண்டு மனம் கலங்கிற்று. அவ்விருவருக்கும் தனியே எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். அவர்களைப்போல் இன்னும் பலர் இருக்கக்கூடுமாதலால், உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதத் துணிந்தேன்.

என்னைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் கணவருடைய உத்தியோகத்தை முன்னிட்டுக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து, தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பகுதியில் வீடெடுத்து, சிறு குழந்தைகள் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுக்காலம் ஆசிரியையாக இருந்தவள் நான்; ஆராய்ச்சி செய்ய வருவோர்க்குத் துணையாக, கையில் கடிகாரமும் தாளும் வைத்துக்கொண்டு, எத்தனையோ குழந்தைகளின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். உளநூலில் பட்டம் பெற்றவள் அல்லள். நீங்கள் செல்லும் நகரமோ இவ்வித்தையில் பழமையான நகரம். பரிசோதனை முறையில் உளவியலைக் கற்பிக்க இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு தனித்துறை 1916-ஆம் ஆண்டில் கல்கத்தாச் சர்வகலாசாலையில்தான், ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சேன்குப்தாவின் தலைமையில் தோன்றிற்று. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடித்தவளைப்போல் நான் பேசவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் அதனோடு படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

உங்கள் தாள்களில் முதலாவதாக நிற்பது எண்களைத் திருப்பிச் சொல்லும் பரீட்சை. ஒரு விநாடிக்கு ஓர் எண் வீதம் நீங்கள் சொல்ல, குழந்தை அதே வரிசையில் திருப்பிச் சொல்லவேண்டும். இரண்டெண்ணில் தொடங்கி மூன்று, நான்கு என்று நீட்டிக்கொண்டே போய், எங்கே தடுமாறுகிறதோ அதற்கு முந்திய நீளத்தை அதன் ஞாபகத்தின் எல்லையாகக் குறித்துக்கொள்கிறீர்கள். 1887-இல் ஜோசப் ஜேக்கப்ஸ் என்பார் லண்டன் பள்ளி மாணவியரிடம் இதைச் செய்து பார்த்தார். 1905-இல் பிரான்சில் பினேயும் சைமனும் தங்கள் அறிவளவைப் பரீட்சையில் இதற்கு இடம் கொடுத்தார்கள். அது முதல் இன்றளவும் உலகத்தில் எந்த மூலையில் குழந்தையின் ஞாபகத்தை அளந்தாலும் இது இல்லாமல் அளப்பது அரிது. எண்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை, ஆகையால் இப்பரீட்சையும் எல்லாப் பாஷைக்கும் பொதுவானது என்று நெடுங்காலம் நம்பிவந்தார்கள்.

அது அவ்வாறில்லையென்பதை விளங்கச் செய்தது வேல்ஸ் நாட்டுப் பாஷை. வேல்ஸ் மொழிக் குழந்தைகள் இப்பரீட்சையில் இங்கிலீஷ்க் குழந்தைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெறுவதைப் பார்த்துப் பலர் பலவாறு பேசிவந்த காலத்தில், 1980-ஆம் ஆண்டில் எல்லிஸ், ஹென்னெலி என்னும் இருவர் இரு பாஷையும் அறிந்தவர்களையே கொண்டு ஆராய்ந்து, வேல்ஸ் மொழி எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கிறது, அதனாலேயே குறைவாக நினைவில் நிற்கிறது என்று காட்டினார்கள். வாயால் இரண்டு விநாடிக்குள் எவ்வளவு சொல்லமுடியுமோ ஏறக்குறைய அவ்வளவே செவிவழி ஞாபகத்தில் தங்குகிறது என்பது அதற்கு முன்னரே பேட்லியும் அவருடைய சகாக்களும் நிறுவியிருந்த முடிவு. இப்பொழுது வங்காளி எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஏக், துயி, தீன், சார், பாஞ்ச், சொய், ஷாத், ஆட், நொய். ஒவ்வொன்றும் ஒரே அசை. நம் ஒன்று, இரண்டு, மூன்று என்பனவற்றையும் சொல்லிப் பாருங்கள். ஒன்பது வரையில் இரண்டசைக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. ஆதலால் தமிழ்க் குழந்தைகளைப் பரீட்சித்துத் தொகுத்த அட்டவணையைக் கொண்டுபோய் வங்காளிக் குழந்தையின் பக்கத்தில் வைத்து, இது முந்தியது, அது பிந்தியது என்று தீர்ப்புச் சொல்வீர்களானால், நீங்கள் அளந்தது நாவின் வேகமாகத்தான் இருக்கக்கூடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கேட்டதை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் அப்பியாசம் சிறு குழந்தைக்கு இயல்பாக வருவதில்லை. 1966-இல் ஃப்ளேவெல் என்பவர், கண்களை மறைக்கும் மூடியுள்ள தலைக்கவசத்தைக் குழந்தைகளுக்கு அணிவித்து, ஞாபகப்படுத்திக்கொள்ளவேண்டிய இடைவேளையில் அவர்கள் உதடு அசைகிறதா என்று பார்க்கச் செய்தார். ஐந்து வயதினரில் வெகு சிலரிடமும், பத்து வயதினரில் பெரும்பாலோரிடமும் அந்த அசைவு காணப்பட்டது. ஆகவே நான்கு வயதுக் குழந்தைக்குச் எண்ணுப்பெயர்களின் குறுக்கம் எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஏழு வயதுக் குழந்தையைக் கொண்டு ஊகிக்க முடியாது. அந்தந்த வயதில், அந்தப் பாஷையிலேயே, போதுமான குழந்தைகளைக் கண்டு அளந்தால்தான் அளவு என்று சொல்லத்தக்க ஒன்று கிடைக்கும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். தேசப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய யாதவ்பூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றில், ஐந்து வயதுப் பையன் ஒருவனை நான் பரீட்சித்தேன். மூன்றெண் வரையில் தயக்கமின்றிச் சொன்னவன், நான்கெண்ணுக்கு வந்தவுடன் முதல் வரிசையில் ஷாத் என்று நான் சொன்ன இடத்தில் ஹாத் என்றான். ஷாத் என்பது ஏழு. ஹாத் என்பது, நான் புத்தகத்தில் கற்ற வங்காளியில், கை. எண்ணுக்குப் பதிலாகக் கையைச் சொல்கிறான், கவனம் சிதறிவிட்டது என்று எண்ணிக்கொண்டு பூஜ்யம் போட்டேன். இரண்டாவது வரிசையிலும் ஏழு இருந்தது, மறுபடியும் ஹாத் என்றான், மறுபடியும் பூஜ்யம். ஒரே நீளத்தில் இரு முறை தவறினால் அத்தோடு நிறுத்திவிடவேண்டுமென்பது விதி. நிறுத்தினேன். அவன் இன்னும் வரும் என்று எதிர்பார்த்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது இப்பொழுதும் என் கண்முன் நிற்கிறது.

சில வாரங்கள் கழித்து, சரத் காலத்துப் பௌர்ணமியில் வரும் லக்ஷ்மி பூஜையன்று அவர்கள் வீட்டில் அழைத்திருந்தார்கள். கிழக்கு வங்காளத்துக் குடும்பங்களில் அன்று தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் கிளறி உருண்டை பிடித்து நைவேத்தியம் செய்வார்கள். பையனுடைய பாட்டி வெண்கலத் தட்டில் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டே எண்ணினாள். ஆறு வரையில் நான் கற்ற எண்களுக்கும் அவள் சொன்னவற்றுக்கும் பெரிய வேற்றுமை தெரியவில்லை. ஏழாவது உருண்டையை வைக்கும்பொழுது ஹாத் என்றாள். சொல்லின் தொடக்கத்திலுள்ள ஷகரம் அந்தப் பக்கத்துப் பேச்சுக்களில் ஹகரமாகிவிடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பையன் இரண்டு வரிசைகளையும் பிசகில்லாமல் சொல்லியிருந்தான். அந்தத் தாள் அதற்குள் என் கையெழுத்தோடு சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டிருந்தது. திருத்தம் கேட்டு எழுதினேன், கணக்கு முடிந்துவிட்டதென்று பதில் வந்தது. ஐந்து வயதுக்குரிய அளவை எட்டாதவன் என்று ஓர் எண்ணாக அவன் எங்கோ ஒரு கூட்டுத்தொகையில் இன்றும் இருக்கிறான்.

உங்களில் ஸில்ஹட்டுப் பேச்சு வழங்கும் அஸ்ஸாமின் பராக் பள்ளத்தாக்குக்கோ, திரிபுராவுக்கோ, எல்லை கடந்து வங்காள தேசத்துக்கோ செல்ல நேர்பவர்கள் இதைப் பன்மடங்காகக் காண்பீர்கள். பகரம் ஃபகரமாகும் ஊரும் உண்டு, ஹகரமாகும் ஊரும் உண்டு. தண்ணீரைக் குறிக்கும் பானி ஓரிடத்தில் ஃபானி, நவகாளியில் ஹானி. இருபது கோடிக்கு மேற்பட்டோர் பேசும் ஒரு பாஷையை அச்சில் வரும் ஒரே வடிவமாக எண்ணிக்கொண்டு ஒரு குழந்தையின் எதிரே உட்காரலாகாது. முதலில் அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒன்று முதல் பத்து வரை எண்ணக் கேளுங்கள். அதைச் செவிக்கேற்றபடியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பரீட்சையைத் தொடங்குங்கள்.

சொற்களின் பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பரீட்சையிலும் இதே இடர் வேறு உருவில் வருகிறது. உங்கள் பட்டியலில் தண்ணீருக்கு ஜொல் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஹிந்துக் குடும்பங்களின் சொல். முஸ்லிம் குடும்பங்களில் பானி என்பார்கள். உப்பு ஓரிடத்தில் நுன், மற்றோரிடத்தில் லொபொன். குளிப்பது ஸ்நானம் அல்லது கோஸல். தாயின் சகோதரி மாஷி அல்லது காலா, தந்தையின் சகோதரி பிஷி அல்லது ஃபுஃபு. இரு சொல்லையும் எல்லோரும் அறிவார்களென்று பெரியவர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மை. ஆனால் அறிந்திருப்பது வேறு, நாள்தோறும் நாவில் புரள்வது வேறு. பழகிய சொல் நினைவில் எளிதாக ஒட்டும், பழகாதது நழுவும். ஒரு வீட்டுச் சொற்களை மட்டும் கோத்துப் பட்டியல் செய்து, மற்றொரு வீட்டுக் குழந்தை இரண்டு சொல் குறைவாகச் சொல்கிறதென்று கணக்கெழுதினால், அந்த இரண்டு சொல்லும் நம் பட்டியலின் குறை. மாச் என்னும் மீன், நௌகா என்னும் படகு, பாகி என்னும் பறவை, சாதா என்னும் குடை, சாந்த் என்னும் நிலவு, இவைபோல் எல்லா வீட்டுக்கும் பொதுவான சொற்கள் ஏராளமாக உண்டு. தேடினால் போதும்.

பொருளற்ற ஒலிக்கோவைகளைச் சொல்லச் செய்யும் பரீட்சையைப்பற்றி உங்களை விசேஷமாக எச்சரிக்கவேண்டும், ஏனெனில் இதில் தமிழராகிய நமக்கென்றே ஓர் ஊனம் இருக்கிறது. பொருளுள்ள சொல்லைக் குழந்தை முன்னரே அறிந்திருக்கலாம், அறியாததைச் சொல்லச் செய்தால்தான் வெறும் செவி ஞாபகம் வெளிப்படும் என்பது இப்பரீட்சையின் கருத்து. கேதர்கோலும் பேட்லியும் இங்கிலாந்தில் இதைத் திருத்தமாக வகுத்தார்கள். வங்காளிக் குழந்தைக்கு இது விருப்பமான விளையாட்டும்கூட. வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரு பிராணியையும் அதற்கொரு பெயரையும் படைத்த சுகுமார் ராயின் பாட்டுகளை, 1923-இல் புத்தகமாக வந்தது முதல், தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்கிற குழந்தைகள் அவர்கள். ஆனால் இங்கிலீஷ் ஒலிக்கோவைகளில் மெய்யெழுத்துக்கள் இரண்டும் மூன்றும் முதலிலேயே கூடி நிற்கும். ஸ்கூல் என்பதை இஷ்கூல் என்று நாவுக்கு இணங்கச் செய்துகொள்ளும் குழந்தைக்கு அவை ஞாபகத்துக்கு முன் நாவையே சோதிப்பன. ஆகவே வங்காளி ஒலிகளைக்கொண்டே அவற்றைப் புதிதாக இயற்றவேண்டும்.

இயற்றியபின் யார் வாசிப்பது? வங்காளியில் நெல்லுக்குப் பெயர் தான்; தானத்துக்கும் பெயர் தான். முதலாவதில் தகரத்தோடு மூச்சொலி கலந்து வரும், இரண்டாவதில் வராது. நம் எழுத்தில் இரண்டையும் ஒரே விதமாகத்தான் எழுதமுடிகிறது, நம் செவியிலும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் விழுகிறது. சோறு பாத், வாதநோயும் பாத். நான் சோறு கேட்டபொழுது நோய் கேட்டதாக என் பள்ளிக் குழந்தைகள் திகைத்த நாட்கள் உண்டு. பத்து வருஷம் பழகிய பிறகும் என் உச்சரிப்பை நான் நம்பியதில்லை. ஒலிக்கோவைகளை அந்தப் பேச்சிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் வாசிக்கட்டும்; குழந்தை சொல்வது சரியா தவறா என்பதையும் அவரே கேட்டுச் சொல்லட்டும்; நீங்கள் பக்கத்தில் அமர்ந்து எழுதுங்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை.

கதை சொல்லித் திருப்பிக் கேட்கும் பகுதியில், அண்ணனும் தங்கையும் திருவிழாவுக்குப் போய்க் குடையைத் தொலைக்கும் கதையொன்றை மொழிபெயர்த்து வைத்திருக்கிறீர்கள். அவன் தொலைத்தான், அவள் அழுதாள் என்று நாம் சொன்னால் யார் எதைச் செய்தார் என்பது வினையின் விகுதியிலேயே தெரிந்துவிடும். வங்காளியில் அவனும் ஷே, அவளும் ஷே. வினைச்சொல்லிலும் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆகவே ஷே தொலைத்தது, ஷே அழுதது என்ற அளவில் கேட்கிற குழந்தை, ஒவ்வொரு வாக்கியத்திலும் இது எந்த ஷே என்று மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ளும் சுமையையும் சேர்த்துத் தாங்கவேண்டியிருக்கிறது. திருப்பிச் சொல்லும்பொழுது அதுவும் ஷே என்றே சொல்லும், நீங்களோ தெளிவில்லை என்று அரை மதிப்பெண் குறைப்பீர்கள். அந்தப் பாஷைக்கு வேறு செல்வம் இருக்கிறது: மரியாதைக்குரியவரைப்பற்றிப் பேசும்பொழுது பிரதிப்பெயரும் வினையும் மாறும். கதையில் ஒரு பாட்டியையும் ஒரு பேரனையும் வையுங்கள். அல்லது நரியையும் கொக்கையும் வையுங்கள். குழப்பம் தானே விலகும்.

நடந்ததை நினைவுகூரச் சொல்லும் கேள்விகளில் ஒரு சொல்லைப்பற்றி மட்டும் குறிப்பிடுகிறேன். கால் என்பது வங்காளியில் நேற்றைக்கும் பெயர், நாளைக்கும் பெயர். பொர்ஷு என்பது முந்தாநாளும் நாளை மறுநாளும். எது என்பது வினையின் காலத்தால் தெரியும். பெரியவர்களுக்கு இதில் ஐயமே எழாது. மூன்று வயதுக் குழந்தையோ அந்த வினை வடிவங்களை அப்பொழுதுதான் ஒவ்வொன்றாகக் கைவசப்படுத்திக்கொண்டிருக்கிறது. நேற்று என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்க, நாளைக்கு மாமா வீட்டுக்குப் போவதைப்பற்றி அது உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினால், ஞாபகம் பிசகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பூஜையன்று, மழை பெய்த அன்று, தாத்தா வந்த அன்று என்று நாளை ஒரு நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள்.

குழந்தையை எப்படி அழைப்பது என்பதும் சின்ன விஷயமன்று. வங்காளிகளில் பெரும்பாலோர்க்கு இரண்டு பெயர். வீட்டில் அழைக்கும் டாக் நாம் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கும் உலகத்துக்கும் உரிய பாலோ நாம் ஒன்று. மூன்று வயதில் இரண்டாவது பெயர் தனக்குரியதென்பதே சில குழந்தைகளுக்கு உறைப்பதில்லை. பதிவேட்டைப் பார்த்து நான் மூன்று முறை கூப்பிட்டும் தலை நிமிராத ஒரு சிறுமி, வாசலிலிருந்து ஆயா வீட்டுப் பெயரைச் சொன்னவுடன் துள்ளி எழுந்து ஓடினாள். அதற்குள் என்னோடு வந்திருந்தவர், தன் பெயரை அறியவில்லை என்று தாளில் எழுதிவிட்டார். அது தவிர, விடை தெரிந்த பெரியவர் ஒருவர் எதற்காகத் தன்னையே கேட்கிறார் என்பது பல குழந்தைகளுக்குப் புரிவதில்லை. பெரியவர்முன் வாய்திறவாதிருப்பதே மரியாதை என்று பழக்கப்பட்டவர்களும் உண்டு. மௌனத்துக்கு மதிப்பெண் போடுவதற்கு முன், இன்னொரு நாள் வாருங்கள். முதல் நாள் விளையாடிவிட்டு மட்டும் திரும்பினால் போதும்.

இவ்வளவு சொல்லியும், வேறெப்படித்தான் அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். 1948-இல் ஸோவியத் நாட்டில் இஸ்தோமினா என்னும் ஆராய்ச்சியாளர், பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்குச் சில சொற்களைப் பாடமாகச் சொல்லிக் கேட்டதோடு, அதே விதமான சொற்களைக் கடை விளையாட்டில் வாங்கிவரவேண்டிய சாமான்களாகவும் சொல்லி அனுப்பினார். கடையில் நின்ற குழந்தைகள் பாடத்தில் நினைவுகூர்ந்ததைவிட அதிகமாக நினைவுகூர்ந்தார்கள். வங்காளத்துச் சந்து ஒவ்வொன்றிலும் ஒரு மளிகைக்காரன் கடை உண்டு; ஆறு வயதுக் குழந்தையை அங்கே அனுப்பாத வீடு அபூர்வம். எங்கள் தெருவில் அப்படியொரு பெண், கையில் எண்ணெய்க் குப்பியோடு, நுன், தேல், டிம், ஆலு, உப்பு எண்ணெய் முட்டை உருளைக்கிழங்கு, என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லாக, நடைக்குத் தாளம்போட்டுச் சொல்லிக்கொண்டே போவதை மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். நான்கையும் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசையும் உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, பழைய பாக்கி இவ்வளவென்று கடைக்காரன் சொல்லியனுப்பியதையும் மறவாமல் தாயிடம் ஒப்பித்தாள். அவளே அந்த வாரத்தில் பள்ளியறையில் நான்கு சொல்லில் இரண்டைத்தான் சொன்னாள். நான் படித்த ஃப்ளேவெலின் உதட்டசைவு அவளிடம் சந்தில் இருந்தது, அறையில் இல்லை.

மற்றொரு வழி செவிலிப் பாட்டுகள். சடா என்று அவர்கள் வழங்கும் குழந்தைப் பாட்டுகளை ஜோகீந்திரநாத் சர்க்கார் 1899-இல் தொகுத்து வெளியிட்டார். ரவீந்திரநாதர் அவற்றைத் தேடிச் சேர்த்ததோடு அவற்றின் அழகைப்பற்றிக் கட்டுரையும் எழுதினார். நான்கு நான்கு அசையாகத் துள்ளி வரும் அச்சந்தம் வங்காளிக் குழந்தையின் செவியில் பேச்சுக்கு முன்னரே குடியேறிவிடுகிறது. ஐந்து சொல்லில் மூன்றை மறந்துவிட்ட நாலு வயதுச் சிறுமி ஒருத்தி இருபது அடிப் பாட்டை மூச்சுவிடாமல் சொன்னாள். நான் அதைத் திருப்பிச் சொல்லும்பொழுது வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றினேன். அடி முடிவதற்குள் தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள். தெரிந்த பாட்டைக்கொண்டு அளந்தால், எந்த வீட்டில் பாட்டி இருக்கிறாள் என்பதைத்தான் அளப்போம் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம்; அது நியாயமே. அதே சந்தத்தில் ஒருவரும் கேட்டிராத பாட்டொன்றை உள்ளூர்க்காரர் ஒருவரைக் கொண்டு புதிதாகக் கட்டச் செய்து, இரண்டு நாள் சொல்லிக்கொடுத்து, ஒரு வாரம் கழித்து ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வாய் பேசாத கூச்சமுள்ள குழந்தையும் அந்த இடத்தில் முகம் சுளிக்கும் அல்லது சிரிக்கும்; அந்த முகமே விடை.

பேச்சு வராத சிசுக்களைப்பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. காலில் நாடாவைக் கட்டித் தொட்டிலுக்கு மேலே தொங்கும் பொம்மையோடு இணைத்து, இரண்டு மூன்று மாதக் குழந்தைகூட உதைத்தால் பொம்மை ஆடும் என்பதைச் சில நாட்கள் நினைவில் வைத்திருப்பதை ரோவி காலியர் என்னும் அம்மையார் காட்டினார். அதற்குப் பாஷை வேண்டாம். எண் எழுதிய அட்டைகளைக் காட்டிப் பரீட்சிப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: வங்காளி எழுத்தில் நான்கு நம் அச்சில் காணும் 8 போலவும், ஏழு ஏறக்குறைய 9 போலவும் இருக்கும். இரண்டு எழுத்தையும் ஒரே சமயத்தில் கற்கும் குழந்தை தடுமாறினால் கண்ணையும் ஞாபகத்தையும் குறைசொல்ல இடமில்லை.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதும் எண் தாளோடு நிற்பதில்லை. வங்காள தேசத்தில் மேக்னா நதிக்கரையை அடுத்த மத்லப் பகுதியில், 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிந்து வருகிறார்கள். தாய் கர்ப்பகாலத்தில் உண்ட உணவு குழந்தையின் அறிவு வளர்ச்சியில் எவ்வாறு பிரதிபலிக்கிறதென்று அதே குழந்தைகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து அங்கே பரீட்சிக்கிறார்கள். டாக்காவுக்கு அருகிலுள்ள ஆராய்ஹாஜாரில், குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்துள்ள ஆர்சனிக் என்னும் பாஷாணம் மிகுந்த அளவுக்குப் பத்து வயதுக் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைந்து காணப்படுகிறதென்று 2004-இல் வெளியான ஆராய்ச்சியும், இவ்விதம் குழந்தைகளின் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதிய விடைகளைக் கொண்டே அம்முடிவுக்கு வந்தது. பாஷாணம் கலந்த கிணற்றைக் குடும்பங்கள் விட்டு விலகுவதும், கர்ப்பிணிகளுக்கு எந்த உணவைக் கொடுப்பதென்று தீர்மானிப்பதும் இந்த எண்களைப் பொறுத்திருக்கின்றன. பேச்சு வேற்றுமையால் குறைந்த மதிப்பெண்ணும் தண்ணீரால் குறைந்த மதிப்பெண்ணும் தாளில் ஒரே மாதிரியாகத்தான் தோன்றும். முன்னதை நாம் அகற்றிவைக்காவிட்டால் பின்னது கண்ணுக்கு அகப்படாது. அந்த ஊர்க் குழந்தைகள் அந்தத் தண்ணீரையே தொடர்ந்து குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஊருக்குப் போனவுடன் பரீட்சையைத் தொடங்காதீர்கள். கிராமத்தார் கிச்சுடி இஸ்கூல் என்று அழைக்கும் அங்கன்வாடியில் ஒரு வாரம் பொழுதைக் கழியுங்கள்; அண்டாவில் கிச்சுடி கொதிக்கும் நேரத்தில் குழந்தைகள் தமக்குள் எப்படி எண்ணுகிறார்கள், எப்படி அழைத்துக்கொள்கிறார்கள், சண்டையில் எந்தச் சொல் முதலில் வருகிறது என்று கேளுங்கள். அங்கே வேலைசெய்யும் அம்மாளை அக்கா என்னும் பொருளில் தீதி என்று அழைத்து, உங்கள் தாள்களை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்; எந்தச் சொல்லில் அவள் புருவத்தை உயர்த்துகிறாளோ அதை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு குழந்தையையும் இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் பாருங்கள். இரண்டு நாளும் பெரிதும் வேறுபட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள், சராசரி போடாதீர்கள்.

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் பொதுவான சொற்கள், ஜில்லாவுக்கு ஜில்லா மாறும் உச்சரிப்புகள், குழந்தைகள் தாமே கட்டிய பொருளற்ற ஒலிகள் ஆகியவற்றை ஓய்வு பெறும் வரையில் அதில் குறித்துவந்தேன். வேண்டுவோர் வீட்டுக்கு வந்து பிரதி செய்துகொள்ளலாம். மாலை நான்கு மணிக்குமேல் எப்பொழுதும் இருப்பேன். அதன் முதற்பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை, உருண்டைகளை எண்ணிய அந்தப் பாட்டி சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற குழந்தைப் பள்ளி ஆசிரியை ஒருத்தி